‘முடிஞ்சா பாருங்க’ என்று சொல்வதை விடுங்கள்

நான் நடத்தும் சாஃப்ட்வேர் டீமில் ஒரு டெவலப்பர். அவர் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டில் (எழுதிய கோடைச் சேர்ப்பதற்கு முன் மற்றவர்கள் பார்க்க அனுப்புவது), "இந்த ஃபங்ஷனைக் கொஞ்சம் பிரிக்கலாமே" என்று எழுதியிருந்தேன். அவர் பிரிக்காமலே முதன்மைக் கோடோடு மெர்ஜ் செய்துவிட்டார். எனக்குக் கோபம். கேட்டதற்கு நிதானமாகச் சொன்னார்: "பிரிக்கலாம்னுதானே எழுதியிருந்தீங்க? யோசிச்சுப் பார்த்தேன், வேண்டாம்னு தோணிச்சு."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. கட்டாயமாகச் செய்ய வேண்டியதை நான்தான் யோசனை மாதிரி எழுதியிருந்தேன். தனக்கு ஆட்டிசம் இருப்பதைச் சில மாதம் கழித்து அவராகவே சொன்னார். தானும் ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் நடுவில் வரும் இந்தப் புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012-ல் எழுதினார். எங்கள் விஷயத்தில் அது அப்படியே உண்மை.

இப்போது எங்கள் ரெவ்யூ கமெண்ட் ஒவ்வொன்றும் ‘கட்டாயம்’, ‘யோசனை’, ‘கேள்வி’ என்ற மூன்றில் ஒன்றோடு தொடங்கும். "கட்டாயம்: இதை இரண்டாகப் பிரிக்கவும், இப்படியே இருந்தால் டெஸ்ட் எழுத முடியாது." டீம் முழுவதற்கும் இதே முறைதான். ஒருவருக்கு மட்டும் செய்தால் அவரைத் தனியாக நிறுத்திக் காட்டுவது போல ஆகிவிடும்.

வேலை கொடுக்கும்போதும் அப்படித்தான். ‘சீக்கிரம்’, ‘முடிஞ்சா’ வேண்டாம். என்ன வேண்டும், எந்த நாளுக்குள், எது நடந்தால் வேலை முடிந்ததாக அர்த்தம் என்று சொல்லுங்கள். நடுவில் வேறு வேலையைத் தூக்கிக் கொடுத்தால், கையில் இருப்பதில் எதைக் கீழே வைக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாயால் சொன்னதை இரண்டு வரியில் எழுதியும் அனுப்புங்கள். ஏடிஹெச்டி (கவனத்தை நிறுத்துவதில் சிரமம், அதிகத் துடிப்பு) உள்ள பலருக்கு, பேசி முடித்து இருக்கைக்குப் போவதற்குள் பாதி நழுவிவிடும். ஆனால் டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்) உள்ளவருக்கு நீளமான டாக்குமெண்ட்தான் பாரம். ஒரு படம் வரைந்து ஐந்து நிமிடம் பேசினால் போதும். அதனால் ஒருவருக்கு இருப்பதன் பெயரை மட்டும் வைத்து என்ன வேண்டும் என்று ஊகிக்காதீர்கள். "எழுதித் தரட்டுமா, பேசலாமா?" என்று எல்லாரிடமும் கேளுங்கள். நோய்க்கணிப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவராகச் சொன்னால் அது உங்களோடு இருக்கட்டும். ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் ஒருவருக்கே சேர்ந்தும் இருக்கலாம்; ஆனால் மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம் என்ற அமெரிக்கக் கையேட்டில், 2013-ல் ஐந்தாம் பதிப்பு (டிஎஸ்எம்-5) வரும் வரைக்கும் இரண்டையும் சேர்த்துக் கணிக்க இடமே இல்லை.

ஒரு மாதம் எடுக்கும் வேலையை இரண்டு நாள் துண்டுகளாக உடைத்துக் கொடுங்கள். ஒருவர் வேலையைத் தொடங்க முடியாமல் தவிக்கிறாரா? அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். அவருக்கு எதுவும் சொல்லித் தர வேண்டாம், கூட ஆள் இருப்பதே பலருக்கு உதவுகிறது.

ஹெட்போன், மங்கிய வெளிச்சம், மூலை இருக்கை கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஆட்டிசம் உள்ள பலருக்கு விளக்கின் ரீங்காரம்கூட வலி மாதிரி.

மீட்டிங்கில் பேசப்போவதை முந்தைய நாளே அனுப்புங்கள். அங்கே பதில் வரவில்லையா, அப்புறம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் டீமில் சில நல்ல யோசனைகள் அப்படித்தான் வந்தன.

அப்புறம், வருடாந்திர மதிப்பீடு. எல்லாரோடும் சேர்ந்து சாப்பிட வராததையும் கண்ணைப் பார்த்துப் பேசாததையும் வைத்து ‘டீமோடு பழகுவதில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். ஒருவரைப் பற்றி நான் ஒரு முறை அப்படி எழுதியிருக்கிறேன். அதே வருடம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு அவர்தான் பில்ட் சிஸ்டம் (கோடை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றும் ஏற்பாடு) முழுவதையும் எழுதியே சொல்லிக் கொடுத்திருந்தார். மதிப்பீட்டில் நான் எழுதியிருக்க வேண்டியது அதைத்தான்.