கிளிநொச்சிக்குப் போட்டி பார்க்க வருகிறீர்களா?

பெரிய உதைபந்தாட்டப் போட்டி நாளில் ஏ9 வீதியோரக் கடைகளில் சோறும் கறியும் சீக்கிரமே தீர்ந்துவிடும். பன்னிரண்டு மணிக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். என் முதல் தெரிவு அம்மாச்சி உணவகம்தான். பெண்களே நடத்துகிறார்கள், தோசையும் உழுந்து வடையும் கண்முன்னே சுட்டுத் தருவார்கள். காலையில் வந்தால் இலைக்கஞ்சி இருக்கிறதா என்று கேளுங்கள். வன்னி வெயிலில் மணிக்கணக்காக நின்று கத்தப்போகிறவருக்கு அதைவிட நல்லது வேறில்லை! தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கட்டாயம்.

ஆட்டம் முடிந்ததும் பஸ் நிலைய நெரிசலுக்குள் ஓடவேண்டாம். ஆட்டோ பிடித்து இரணைமடுக் குளக்கட்டுக்குப் போங்கள். பொழுதுசாயும் வேளையில் அந்தக் காற்று அலுப்பையெல்லாம் எடுத்துவிடும். வாடகையை ஏறுமுன்பே பேசிக்கொள்ளுங்கள், திரும்பி வரவும் அதே ஆட்டோவை நிறுத்திவையுங்கள். வவுனியாப் பக்கம் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, சூடாக வறுத்த கச்சான் கடலையும் வாங்குங்கள்.