குளிக்கும் அப்ரோடைட்டி சிலைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அருங்காட்சியகத்தில் கிரேக்கரின் காதல் தேவதையான அப்ரோடைட்டி (ரோமானியர் வைத்த பெயர் வீனஸ்) குளிக்கும் சிலையைப் பார்த்தவுடன் "பிராக்சிடெலீஸ் செதுக்கியது" என்று சொல்லிவிடாதீர்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அந்தக் கிரேக்கச் சிற்பி செய்து, க்னிடோஸ் என்ற கிரேக்க நகரம் வாங்கிய அந்தப் பளிங்குச் சிலை இன்று இல்லை. கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போய், கி.பி. 475 வாக்கில் தீயில் அழிந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ரோமானியர் காலத்து நகல்கள். க்னிடோஸ் நாணயத்தில் சிலையின் உருவம் பொறித்திருந்ததால்தான், எவை அதன் நகல்கள் என்றே அடையாளம் காண முடிந்தது.

நகல் என்றால் அச்சு அசல் என்றும் நினைக்க வேண்டாம். க்னிடோஸ் தேவி ஒரு கையால் உடலை மறைக்கிறாள், மறுகையில் துணி. ரோமின் காபிடோலின் வீனஸ் இரு கைகளாலும் மறைக்கிறாள். பின்னால் வந்த சிற்பிகள் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்.

அதிகம் ஏமாற்றுவது ஒட்டுவேலைதான். புளோரன்ஸில் இருக்கும் மெடிச்சி வீனஸின் நீண்ட, மெலிந்த விரல்களைப் பார்த்து கிரேக்க நளினம் என்று வியப்பவர்கள் உண்டு. அந்தக் கைகள் 17ஆம் நூற்றாண்டில் சிற்பி எர்கோலே ஃபெர்ராட்டா சேர்த்தவை! வத்திக்கானில் உள்ள க்னிடோஸ் நகல் இன்னும் வேடிக்கை: கூச்சப்பட்டு இடுப்புக்குக் கீழே தகரத்தில் ஆடை மாட்டிவிட்டார்கள், 1932இல்தான் கழற்றினார்கள். பழைய புகைப்படத்தை நம்பி "ஆடை அணிந்த வடிவம்" என்று எழுதினால் வம்புதான்.

பக்கத்தில் இருக்கும் குடம், மரத்தண்டு, டால்பின் எல்லாவற்றுக்கும் புராணக் கதை தேடவும் வேண்டாம். பளிங்குக்கு எடை அதிகம், கணுக்காலோ மெலிது. முட்டுக் கொடுக்காவிட்டால் சிலை அங்கேயே உடையும். அந்தக் குடம் குளியலையும் சொல்கிறது, பாரத்தையும் தாங்குகிறது.

அப்புறம், குந்தி உட்கார்ந்து குளிக்கும் வடிவம். அதைச் செய்தவர் டொய்டால்சஸ் என்று பல நூல்களில் அடித்துச் சொல்வார்கள். பண்டைய ரோமானிய எழுத்தாளர் பிளினியின் நூலில் சிதைந்துபோன ஓர் இடத்தைத் திருத்திப் படித்து எடுத்த பெயர் அது. பல அறிஞர்கள் ஏற்பதில்லை.

வெள்ளைப் பளிங்குதான் அழகு என்பதும் பிற்காலத்து ரசனை. ஓவியர் நிக்கியாஸ் வண்ணம் பூசியவையே தன் சிலைகளில் தனக்குப் பிடித்தவை என்று பிராக்சிடெலீஸ் சொன்னதாக அதே பிளினி எழுதுகிறார்.

முன்பக்கம் மட்டும் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள, பிரான்ஸின் வியென் நகரத்துக் குந்திய சிலைக்குத் தலையே இல்லை. ஆனால் முதுகில் ஒரு சின்னக் கை ஒட்டியிருக்கும். அம்மாவோடு இருந்த குழந்தை ஈராஸின், அதாவது அப்ரோடைட்டியின் மகனின் கை அது.