அகலக் கால் வைக்காமல் ஃப்ரீகால் ஆடுவது எப்படி

ஐரோப்பாவிலிருந்து கப்பலில் அமெரிக்காவுக்குப் போய், ஊர் கட்டி, கடைசியில் ராஜாவிடமிருந்து விடுதலை பெறும் கணினி ஆட்டம் 'காலனைசேஷன்'. 1994-இல் மைக்ரோப்ரோஸ் வெளியிட்ட அதை நான் முதலில் ஆடியது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், மணிக்கணக்கில் காசு கொடுத்து. ஆட்டத்தில் 1492-இல் கப்பலைக் கிளப்பினால் 1550-ஐத் தாண்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். அமெரிக்கா கடைசியில் விடுதலை அடைந்ததா என்று எனக்குப் பல வருடம் தெரியாது. அந்தக் குறையைத் தீர்த்தது ஃப்ரீகால்.

இது அதே ஆட்டத்தை ஜாவாவில் முதலிலிருந்து எழுதிய திறமூல வடிவம். முதல் வெளியீடு 2003, 1.0 பதிப்பு வந்தது 2023-இல். பழைய ஆட்டத்தின் கோப்புகள் எதுவும் தேவையில்லை. கணினியில் ஜாவா இருந்தால் போதும், விண்டோஸ், லினக்ஸ், மேக் எதிலும் ஓடும். நிறுவுவதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் ஆட்டத்துக்கு டச்சு நாட்டைத் தேர்ந்தெடுங்கள். மற்ற மூவருக்கும் (இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்பெயின்) கிடைப்பது இரண்டு சரக்கு அறை கொண்ட காரவெல் கப்பல். டச்சுக்காரருக்கு நான்கு அறை கொண்ட வணிகக் கப்பல். ஓர் அறையில் நூறு சரக்கு. அதாவது ஒரே பயணத்தில் இரண்டு மடங்கு வியாபாரம். ஸ்பெயினை எடுத்தால் பூர்வகுடிகளைத் தாக்குவதில் கூடுதல் பலம் கிடைக்கும். அந்த ஆசை வேண்டாம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கரையைக் கண்டதும் இறங்கி ஊர் கட்டத் துடிக்காதீர்கள். நாலைந்து முறை (ஆட்டத்தில் உங்கள் வாய்ப்பு ஒரு தடவை வந்து போவதுதான் ஒரு முறை) கடலோரமாகவே ஓட்டிப் பாருங்கள். ஊருக்கு வேண்டியது மூன்று: சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் நல்ல தானிய நிலம், ஒரு காடு, கரும்போ புகையிலையோ பருத்தியோ விளையும் ஒரு கட்டம். ஊர் நிற்கும் கட்டம் ஆளே இல்லாமல் கொஞ்சம் உணவு கொடுக்கும். ஒவ்வொருவரும் ஒரு முறைக்கு இரண்டு உணவு தின்பார்கள். உபரி 200 சேர்ந்தால் புதிதாக ஓர் ஆள் பிறப்பார். இந்தக் கணக்கை நான் முதலில் மதிக்கவே இல்லை. ஐந்து ஊர் கட்டி, ஐந்திலும் எல்லோரையும் புகையிலையில் நிறுத்தினேன். ஒரு பக்கம் பட்டினி, இன்னொரு பக்கம் கிடங்கு நிரம்பிப் புகையிலை வீண். சாதாரண ஊரில் ஒரு சரக்கு நூறுக்குமேல் தங்காது. கப்பலோ அப்போது ஐரோப்பாவில்.

அதனால் முதல் முப்பது முறைக்கு இரண்டே ஊர். ஒருவர் தானியம், ஒருவர் மரம் வெட்டுதல், ஒருவர் தச்சுப் பட்டறை. முதலில் கிடங்கைப் பெரிதாக்குங்கள், மற்றது அப்புறம்.

இப்போது பூர்வகுடி கிராமங்கள். தனித்திறமை இல்லாத ஒரு குடியேறியை அங்கே அனுப்பினால், அந்த ஊர் எதில் கெட்டிக்காரத்தனமோ அதைக் கற்றுத் திரும்புவார்: புகையிலை பயிரிடுதல், மீன்பிடித்தல், ரோமத்தோல் வேட்டை. ஐரோப்பாவில் இதே நிபுணரைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். குற்றவாளியாக வந்து இறங்கியவர்களுக்கு மட்டும் கற்றுத்தர மாட்டார்கள். ஒரு கிராமத்தை எரித்தால் இந்தப் பள்ளிக்கூடமும் போகும், சுற்றுவட்டாரம் முழுவதும் பகையும் சேரும். ஸ்பெயின் வேண்டாம் என்றது இதனால்தான். பூர்வகுடிகளின் நிலத்தில் உழ வேண்டுமென்றால் விலை கொடுத்து வாங்குங்கள். காலனிக்குச் சலுகை தரும் தலைவர்கள் ஒவ்வொருவராகச் சேரும் சபை ஒன்று ஆட்டத்தில் உண்டு; அவர்களில் ஒருவரான பீட்டர் மினுயிட் வந்துவிட்டால் அந்த விலையும் கேட்க மாட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். கரும்பும் பருத்தியும் புகையிலையும் கொட்டிக் கிடக்கும் இந்த ஆட்டத்தில் அடிமைகளே கிடையாது. மூல ஆட்டத்திலும் இல்லை. அவற்றை உண்மையில் யார் கை விளைவித்தது என்று தெரிந்தவருக்கு இது உறுத்தும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் மகள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

பணம் வருவது பச்சைச் சரக்கில் அல்ல. கரும்பை ரம்மாக்கு, புகையிலையைச் சுருட்டாக்கு, பருத்தியைத் துணியாக்கு. ஆனால் ஒரே பொருளை மூட்டை மூட்டையாக இறக்கினால் ஐரோப்பாவில் விலை சரியும். இரண்டு ஊரில் இரண்டு வேறு சரக்கு என்று வைத்துக்கொண்டால் ஒன்று சரிந்தாலும் மற்றது தாங்கும்.

சரி, ராஜா. ஏதாவது சாக்குச் சொல்லி வரியை ஏற்றிக்கொண்டே இருப்பார். மறுக்கலாம். மறுத்தால் மக்கள் ஒரு சரக்கைக் கடலில் கொட்டுவார்கள், 1773-இல் வரியை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டிய பாஸ்டன் தேநீர் விருந்து மாதிரி. அப்புறம் பாக்கியைக் கட்டும்வரை அந்தச் சரக்கை ஐரோப்பாவில் விற்கவோ வாங்கவோ முடியாது. எந்தச் சரக்கு என்பது செய்தியிலேயே இருக்கும். அது உங்களுக்குச் சோறு போடும் சரக்கு என்றால் வாயை மூடிக்கொண்டு வரியைக் கட்டுங்கள். ஓரமாகக் கிடக்கும் சரக்கு என்றால் துணிந்து மறுத்துவிடுங்கள்.

உணவு நிலைத்ததும் ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஆளை நகர மன்றத்தில் உட்கார வையுங்கள். அவர் அடிக்கும் விடுதலை மணிகள் இரண்டு வேலை செய்யும்: ஜெஃபர்சன் போன்ற தலைவர்களைச் சபைக்கு இழுக்கும், ஊரில் விடுதலை உணர்வை ஏற்றும். ஓர் ஊரில் அது ஐம்பது சதவீதத்தைத் தொட்டால் அங்கே உற்பத்தியும் கூடும். மொத்தக் காலனியிலும் ஐம்பது எட்டினால்தான் விடுதலையை அறிவிக்க முடியும்.

எட்டியவுடன் அறிவிக்காதீர்கள். ராஜாவின் படை கடல்வழியாக வரும். முதல் குறி கடற்கரை ஊர்கள். அங்கே கோட்டையும் உள்ளே பீரங்கிகளும் இருக்கட்டும். துப்பாக்கி ஐம்பது கொடுத்தால் ஒரு சிப்பாய், கூடவே குதிரை ஐம்பது கொடுத்தால் குதிரைப்படை வீரன். கருவியும் துப்பாக்கியும் உள்ளூரிலேயே செய்யப் பழகியிருக்க வேண்டும். ராஜாவிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் படை அறிக்கையில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பொத்தானை அழுத்துமுன் கடைசியாக ஒரு தடவை ஐரோப்பியத் துறைமுகத் திரையைத் திறந்து பாருங்கள். நான் பார்க்கவில்லை. துப்பாக்கி ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு கேலியன் கப்பல்கள் அங்கே நின்றன. அறிவித்த அந்த நொடியிலேயே இரண்டையும் ராஜா பறிமுதல் செய்துகொண்டார்.