வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள் வீட்டுச் செலவின் தொழிற்பங்கை வருமான வரிக் கணக்கில் கழிக்கும் முறை

தையல், கேக் தயாரிப்பு, கணக்கெழுதல், இணையவழி வடிவமைப்பு என வீட்டின் ஓர் அறையையே தொழிலிடமாக வைத்திருப்போர் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நிறைய இருக்கிறார்கள். மருதமுனையில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இவர்களுட் பலர் துணி, நூல், மா போன்ற மூலப்பொருட்களை மட்டும் செலவாகக் காட்டிவிட்டு, மின்சாரம், வாடகை, இணையம் ஆகியவற்றின் தொழிற்பங்கைச் சொந்தச் செலவாகவே விட்டுவிடுகிறார்கள். எங்கள் வீட்டுத் தையல் தொழிலின் கணக்கை நானே ஒழுங்குசெய்து விபரத்திரட்டுச் (ஆண்டு வருமானத்தைக் காட்டும் வரிப் படிவம்) சமர்ப்பித்த அனுபவத்திலிருந்து அந்த முறையை இங்கே எழுதுகிறேன். வியாபாரப் பெயர்ப் பதிவும் வரி இலக்கமும் ஏற்கெனவே உங்களிடம் இருப்பதாகக் கொள்கிறேன்.

முதற்படி: வரி வருமா என்று பாருங்கள்

வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் அடுத்த ஆண்டு மார்ச் 31 வரையாகும். 2025/26 ஆண்டு தொடக்கம் தனிநபர் நிவாரணம், அதாவது வரி விதிக்கப்படாத வருமானம், 18 இலட்சம் ரூபாய். அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதமும், அடுத்த 5 இலட்சத்துக்கு 18 சதவீதமும், பின்னர் படிப்படியாக உயர்ந்து 36 சதவீதம் வரையும் வரி உண்டு. இங்கே வருமானம் என்பது விற்பனைத் தொகையன்று, தொழிற்செலவைக் கழித்தபின் எஞ்சுவதாகும். கழிக்கும் செலவு வருமானத்தைத்தான் குறைக்குமே தவிர வரியை அப்படியே குறைக்காது. முதற்படிநிலையில் உள்ள ஒருவர் ஓர் இலட்சம் ரூபாயைக் கழித்தால் அவருக்கு மிஞ்சுவது 6,000 ரூபாய். ஆகவே, வருமானம் நிவாரணத்துக்குள் அடங்குபவர்கள் இதற்காகப் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை. ஆனாலும் பதிவேட்டை இப்போதே தொடங்குவது நல்லது.

இரண்டாம் படி: சட்டம் எதை அனுமதிக்கிறது

இலங்கையில் வீட்டு அலுவலகத்துக்கென்று தனிச் சலுகையோ நிலையான தொகையோ கிடையாது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் 10ஆம் பிரிவு குடும்பச் செலவைக் கழிக்க விடாது. 11ஆம் பிரிவு வருமானம் ஈட்டுவதற்காகச் செய்த செலவை, அந்த அளவுக்கு மட்டும், கழிக்க விடுகிறது. அந்த ‘அளவு’ எவ்வளவு என்பதை நீங்கள்தான் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். எனவே வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லப்படும் சதுர அடிக்கு இவ்வளவு என்ற கணக்கை இங்கே பயன்படுத்த வேண்டாம்.

மூன்றாம் படி: பங்கைப் பிரித்தல்

பலரும் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். எல்லாச் செலவையும் ஒரே சதவீதத்தால் பிரிக்கக் கூடாது. ஒவ்வொரு செலவுக்கும் அதற்குப் பொருந்திய அளவுகோல் வேண்டும்.

வாடகைக்கும் சோலைவரிக்கும் பரப்பளவு பொருந்தும். 1,200 சதுர அடி வீட்டில் 120 சதுர அடி அறை என்றால் 10 சதவீதம். வாடகை 30,000 ரூபாயானால் தொழிற்பங்கு 3,000. அதே அறையில் பிள்ளைகள் மாலையில் படிக்கிறார்கள் என்றால் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு நாளில் அறை புழங்கும் 12 மணித்தியாலத்தில் 8 மணித்தியாலம் தொழிலுக்கானால், 3,000இல் மூன்றில் இரண்டு பங்கான 2,000 ரூபாயை மட்டும் கழியுங்கள்.

மின்சாரத்துக்குப் பரப்பளவு பொருந்தாது. மாதம் 25 நாட்கள் வேலை நடப்பதாகக் கொள்வோம். 100 வாட் தையல் மோட்டார் நாளுக்கு 6 மணித்தியாலம் ஓடினால் 15 அலகு. விளக்கும் மின்விசிறியும் சேர்ந்து 80 வாட், நாளுக்கு 8 மணித்தியாலம் என்றால் 16 அலகு. 1,000 வாட் ஸ்திரிப்பெட்டி நாளுக்கு 2 மணித்தியாலம் என்றால் 50 அலகு வரும். ஆனால் அது சூடேறியதும் தானாக நின்று நின்று இயங்குவதால் நான் பாதியை, அதாவது 25 அலகைத்தான் எடுக்கிறேன். மொத்தம் 56 அலகு. வீட்டின் மொத்தப் பாவனை 160 அலகானால் தொழிற்பங்கு 35 சதவீதம். பட்டியல் 5,000 ரூபாய் எனில் 1,750 ரூபாயைக் கழிக்கலாம். பரப்பளவால் பிரித்திருந்தால் 500 ரூபாயுடன் நின்றிருக்கும். பாவனை கூடக் கூட ஓர் அலகின் விலையும் கூடுவதால், தொழிலுக்கான அலகுகளை உயர்ந்த விலையில் போட்டுப் பார்க்கும் எண்ணம் எழும். அது நியாயமன்று. மொத்தப் பட்டியலைச் சதவீதத்தால் பெருக்குவதே சரி.

இந்த மதிப்பீட்டைவிட நம்பத்தகுந்த வழி, அந்த அறைக்கான இணைப்பில் மின்பணியாளரைக் கொண்டு ஒரு சப் மீற்றர் பொருத்தி, மாதந்தோறும் ஒரே திகதியில் வாசிப்பைக் குறித்து வைப்பதுதான். இயலுமானவர்கள் அனைவரும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான்காம் படி: பொறிகளும் கணினியும்

வாங்கிய தையல் பொறியின் முழு விலையையும் அதே ஆண்டில் செலவாக எழுத முடியாது. கணினி, உற்பத்திப் பொறி, அலுவலகத் தளபாடம் ஆகியவற்றின் விலையை 5 ஆண்டுகளில், ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்காக, மூலதனப் படியாக (நீண்டகாலம் பாவிக்கும் பொருளின் விலையைப் பிரித்துக் கழிக்கும் தொகை) கழிக்க வேண்டும். 150,000 ரூபாய் மடிக்கணினி என்றால் ஆண்டுக்கு 30,000. குடும்பமும் அதைப் பாவித்தால் அதிலும் தொழிற்பங்கு மட்டுமே.

ஐந்தாம் படி: ஆதாரம்

மென்பொருள் விளம்பரங்களுக்கு மயங்க வேண்டாம். ஒரு தடித்த சீஆர் புத்தகமும், மாதத்துக்கு ஓர் உறையும், தொலைபேசியில் ஒரு கூகுள் ஷீட்ஸ் தாளும் தாராளமாகப் போதும். புத்தகத்தின் முதற்பக்கத்தில் அறையின் அளவு, வீட்டின் அளவு, ஒவ்வொரு செலவுக்கும் எடுத்த சதவீதம், அதற்கான காரணம் ஆகியவற்றைத் திகதியிட்டு எழுதி வையுங்கள். பின்னாளில் விளக்கம் கேட்கப்பட்டால் அந்தப் பக்கத்தைத்தான் நீட்டப் போகிறீர்கள். கடைகளில் அச்சிட்டுத் தரும் வெப்பத்தாள் பற்றுச்சீட்டுகள் நமது வெக்கையில் விரைவில் வெளுத்துவிடுவதால் அன்றே படமெடுங்கள். பதிவுகளை 5 ஆண்டுகள் பேண வேண்டும்.

ஆறாம் படி: சமர்ப்பித்தல்

வரியை நான்கு தவணைகளாக ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய திகதிகளில் செலுத்த வேண்டும். மீதி இருந்தால் செப்டெம்பர் 30க்குள். விபரத்திரட்டுக்கு நவம்பர் 30 கடைசி நாள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வரி இலக்கத்தையும் PIN எனப்படும் இரகசிய இலக்கத்தையும் கொண்டு நுழைந்து சமர்ப்பிக்கலாம். ஐயம் இருந்தால் 1944 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

பிற்சேர்க்கை

இதனை வாசித்த சகோதரிகள் சிலர் கேட்ட கேள்வி முக்கியமானது. நமது பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவது வழக்கம். உறுதி எழுதும்வரை வீடும் மின்பட்டியலும் தாயின் பெயரிலேயே இருக்கும். அப்படியானால் மகள் செலவைக் கழிக்கலாமா? பட்டியலை மகளே கட்டுகிறார் என்பதற்கு வங்கிப் பதிவு இருந்தால், தொழிற்பங்கைத் தன் செலவாகக் காட்டலாம். ஆகவே காசாகக் கட்டாமல் தன் கணக்கிலிருந்தே கட்டுவது நல்லது. வாடகையில் கதை வேறு. தாய்க்கு வாடகை கொடுக்காதபோது, வெளியே எடுத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்கும் என்று ஒரு தொகையை எழுத முடியாது, ஏனெனில் அப்படி ஒரு செலவு நடக்கவே இல்லை. மெய்யாகவே வாடகை கொடுத்தால் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு வங்கி மூலமே கொடுங்கள். அது தாயின் வருமானமாகும் என்பதையும், அவருடைய மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டினால் அவருக்கும் வரி வரும் என்பதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.