பயோபேங்க்: மாதிரிகள் ஃப்ரீசருக்குப் போகும் முன்பே கெடுவது எப்படி?

ஆய்வுக்காக நோயாளிகளின் திசு, மலம் போன்ற மாதிரிகளைச் சேமித்து வைக்கும் பயோபேங்க் தொடங்கப்போகிறோம் என்றதும் எல்லோரும் முதலில் விசாரிப்பது மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைப் பற்றித்தான். அது வேண்டியதுதான். ஆனால் குடல், கல்லீரல், கணைய நோய் ஆய்வுக்கான மாதிரிகளுக்குப் பெரிய சேதம் நேர்வது ஆபரேஷன் தியேட்டருக்கும் லேபுக்கும் நடுவில். அங்கே போனதை எந்த ஃப்ரீசராலும் மீட்க முடியாது.

அறுவை சிகிச்சையில் ரத்தக்குழாயைக் கட்டியதுமே திசுவுக்கு ஆக்சிஜன் நின்றுவிடுகிறது. அந்த நிமிடத்திலிருந்து செல்களுக்குள் மரபணுக்களின் செயல்பாடு மாறத் தொடங்குகிறது, மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ சிதைய ஆரம்பிக்கிறது. கணையத்தில் ஆர்என்ஏவை உடைக்கும் என்சைம்கள் ஏராளம் என்பதால் அங்கே இன்னும் வேகம். தாமதத்தை எப்போதும் தவிர்க்க முடியாது. நோயைக் கண்டறியத் தேவையான பகுதியை நோயியல் மருத்துவர் எடுத்துக்கொண்ட பிறகுதான் ஆய்வுக்குப் பங்கு. அதில் சமரசமே கூடாது. தவறு எங்கே என்றால், நேரத்தை எழுதாமல் விடுவதில். ரத்த ஓட்டம் நின்ற நேரம், திசு வெளியே வந்த நேரம், உறையவைத்த நேரம் ஆகிய மூன்றும் பதிவில் இருந்தால் தாமதமான மாதிரியைக்கூட ஆய்வாளர் பொருத்தமான வேலைக்குப் பயன்படுத்திக்கொள்வார். ‘உடனே உறையவைத்தோம்’ என்ற குறிப்பை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்துக்கும் இதே கதைதான். வெள்ளிக்கிழமை போட்ட திசு திங்கட்கிழமை வரை ஊறினால் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும்.

அடுத்தது இடம். பரிசோதனைக்குத் திசு எடுக்கும் பயாப்ஸி இடுக்கி எடுப்பது சில மில்லிமீட்டர் துணுக்கு. குடல் அழற்சி நோயான குரோன் நோயில் புண்ணான பகுதியும் நல்ல பகுதியும் மாறி மாறி வரும். ஆகவே மாதிரிக் குழாயின் மேல் ‘குடல்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘சிறுகுடலின் கடைசிப் பகுதி, புண்ணின் ஓரம், எண்டோஸ்கோப்பில் வீக்கம் தெரிந்தது’ என்ற அளவுக்காவது வேண்டும். அந்த நோயாளியின் வீக்கமில்லாத பகுதியை ஆரோக்கியமானவரின் குடலுக்குச் சமமாக எடுத்துக்கொள்வதும் தவறு. இரண்டையும் தனித்தனி வகையாகவே பதிய வேண்டும்.

மல மாதிரியில்தான் கவனக்குறைவு அதிகம். கொலோனோஸ்கோபிக்கு (கேமரா குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) வருகிறவரிடம் அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் அதற்காகக் குடித்த பேதி மருந்து குடலைக் கழுவித் தள்ளியிருக்கும்; அப்போது கிடைப்பது அவருடைய வழக்கமான நுண்ணுயிர்க் கூட்டம் இல்லை. மருந்து குடிக்கும் முன்பே எடுத்து வைக்கச் சொல்லி டப்பாவை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். எடுத்தது அறை வெப்பத்தில் கிடந்தால் ஈ.கோலை போன்ற சில பாக்டீரியாக்கள் பெருகி, உண்மையான விகிதத்தை மாற்றிவிடும். உடனே உறையவைக்க வழியில்லையா, சரி, நிலைப்படுத்தும் திரவம் உள்ள குழாயைக் கொடுக்கலாம். ஆனால் பாதிப் பேருக்கு ஒரு முறை, மீதிப் பேருக்கு வேறு முறை என்று மட்டும் கலந்துவிடாதீர்கள். பின்னால் ஒரு வித்தியாசம் தெரியும்போது அது நோயால் வந்ததா, குழாயால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. மலம் எவ்வளவு கெட்டி என்பதை 1 முதல் 7 வரையான பிரிஸ்டல் அளவுகோலில் குறித்துக்கொள்ளுங்கள். நுண்ணுயிர்களின் வகைகளோடு அதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. கடைசியாக ஆன்டிபயாட்டிக் எடுத்தது எப்போது என்பதும் அவசியம். அப்புறம், ஒமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளைப் பெயர் சொல்லியே கேளுங்கள். அதுவும் நுண்ணுயிர்களை மாற்றும், ஆனால் பலர் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சேமிப்பில் அடிக்கடி நடக்கும் தவறு, ஒரே பெரிய குழாயில் எல்லாவற்றையும் ஊற்றி வைப்பது. ஒவ்வொரு தேவைக்கும் உருக்கி உருக்கி உறையவைத்தால் மாதிரி வீணாகும். முதலிலேயே சிறு சிறு பங்குகளாகப் பிரித்து, குறைந்தது இரண்டு ஃப்ரீசர்களில் வையுங்கள். 2023 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறை நேரத்தில், ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் திரவ நைட்ரஜன் வரத்து தடைபட்டு 16 கலன்களில் இருந்த மாதிரிகள் பாழாயின. அலாரம் இருந்தால் போதாது. விடுமுறை நாளில் அது யாருடைய போனில் அடிக்கும், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கல்லீரல் நோயாளிகளின் மாதிரிகளைத் திரவ நைட்ரஜனுக்குள் முக்கி வைப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: நைட்ரஜன் தொட்டி வழியாக ஹெபடைடிஸ் பி பரவியதை 1995-இல் லான்செட் மருத்துவ இதழ் பதிவு செய்தது. திரவத்துக்கு மேலே உள்ள ஆவியில் வைப்பது பாதுகாப்பானது.

ஒப்புதல் படிவத்தை ஒரு கையெழுத்தோடு முடிந்த காரியமாக நினைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. குடல் அழற்சி நோய்கள் சிறு வயதிலேயே தொடங்குவது உண்டு. பெற்றோர் கையெழுத்திட்ட குழந்தை வளர்ந்தபின் அவரிடமே கேட்க வேண்டாமா? பெருங்குடல் புற்றுநோய் மாதிரியில் லிஞ்ச் குறைபாடு (புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பரம்பரைக் குறைபாடு) தெரியவந்தால் அது உடன்பிறந்தவர்களையும் பாதிக்கும் செய்தி. சொல்வதா, யார் சொல்வது என்பதை மாதிரி வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். திசுவிலிருந்து குடல் ஆர்கனாய்டுகளை (லேபில் வளரும் குட்டிக் குடல் திசுக்கள்) வளர்க்கலாம், அவை நிறுவனங்களுக்கும் போகலாம் என்றால் அதையும் தெளிவாகச் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

கடைசியாக, பூட்டி வைப்பது. ‘இன்னும் நல்ல ஆய்வு வரட்டும்’ என்று காத்திருந்தே வருடக்கணக்கில் தொடாமல் கிடக்கும் மாதிரிகள் நிறைய. எதை எந்த ஆய்வுக்குத் தருவது என்று முடிவெடுக்கும் குழுவைத் தொடக்கத்திலேயே அமையுங்கள். விண்ணப்பத்துக்கு எத்தனை நாளில் பதில் என்று அறிவித்துவிடுங்கள்; மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.