எண்ணெயை அடியோடு நிறுத்தினேன், கால் செதிலாய் உரிந்தது

போன வருடம் ரத்தத்தில் கொழுப்பு கூடியதும் எண்ணெயை அடியோடு விட்டேன். இட்லி, இடியாப்பம், அவித்த காய்தான். மல்லாட்டையைக்கூட (வேர்க்கடலை) ஒதுக்கினேன். ஏழெட்டு மாதத்தில் கெண்டைக்காலெல்லாம் வெள்ளைச் செதில். மார்கழியில் சொறிந்து சொறிந்து ரத்தமே வந்தது. தேங்காய் எண்ணெய் தடவினால் காலையில் பளபளப்பு, மாலையில் பழையபடி.

காட்பாடியில் ஒரு தோல் மருத்துவர் தைராய்டு, சர்க்கரை இரண்டையும் பார்த்துவிட்டு, "என்னம்மா சாப்பிடுறீங்க?" என்றார். அங்கேதான் பிடி கிடைத்தது.

லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை நம் உடம்பு தயாரிக்காது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே, செங்கல்லுக்கு இடையில் சாந்து போல, செராமைடு என்ற கொழுப்பு இருக்கிறது. அதில் இந்த அமிலம் சேர்ந்தால்தான் உள்ளே உள்ள நீர் கசியாது. 1929-லேயே அமெரிக்காவில் பர் என்ற விஞ்ஞானித் தம்பதி, கொழுப்பில்லாத தீனி தின்ற எலிகளுக்குத் தோல் செதிலாவதைக் காட்டிவிட்டார்கள்.

தேங்காய் எண்ணெயில் லினோலெயிக் அமிலம் 2 சதவீதம் போலத்தான். நல்லெண்ணெயில் சுமார் 40, மல்லாட்டை எண்ணெயில் 30-ஐ ஒட்டி. வடாற்காட்டில் விளைவதையே விட்டுவிட்டிருந்தேன்!

தினம் மூன்று தேக்கரண்டி செக்கு நல்லெண்ணெய், ஒரு கைப்பிடி அவித்த மல்லாட்டை, ஒமேகா-3 என்ற இன்னொரு வகைக் கொழுப்புக்காக ஒரு கரண்டி ஆளிவிதைப் பொடி. கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதையும் நிறுத்தினேன், அதற்கும் பங்கு உண்டு. மூன்றாம் வாரம் அரிப்பு அடங்கியது. இரண்டு மாதத்தில் செதில் போயிற்று. கொழுப்பு அளவும் ஏறவில்லை.

செதிலுக்கு வேறு காரணங்களும் உண்டு. என்னைப் போலவே ஆரம்பித்துவிடாமல் முதலில் தைராய்டு பாருங்கள்.