ஹாக்கமோர் வாங்கப் போகிறீர்களா? என் பழைய தவறுகளைப் பார்த்துவிட்டுப் போங்கள்

வேலூர்ப் பக்கம் பாலாற்றில் தண்ணீர் ஓடுகிற நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாளெல்லாம் அது எங்களைப் போன்ற குதிரைக்காரர்களின் மைதானம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஆற்று மணலில் ஒரு தம்பியைப் பார்த்தேன். இருபது வயது இருக்கும். கீழே நல்ல மார்வாரிப் பெண் குதிரை, காது இரண்டும் உள்ளே வளைந்து நுனி தொட்டுக்கொண்டு.

“வாயில இரும்பு போடல அண்ணா. பாவம், வலிக்கும் இல்ல? இது ஹாக்கமோர்” என்றான் பெருமையாக. வாயில் கம்பி வைக்காமல், மூக்கின்மேல் பட்டையைக் கட்டி அதை அழுத்தியே குதிரையை ஓட்டும் தலைவார் அது.

சொல்லி முடிப்பதற்குள் குதிரை தலையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு பின்னால் போனது. மூக்குப்பட்டை நாசித்துளைக்கு இரண்டு விரல் மேலே கிடந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு இரும்புக் கம்பி. பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் நின்ற அதே கோலம். இந்த வருடத்தில் மட்டும் இப்படி நிற்பவர்களில் இவன் ஐந்தாவது ஆள்.

வாரை முறுக்கி மாட்டுவது, பக்கிளை அரைகுறையாகப் பூட்டுவது, இடம் வலம் மாற்றிப் போடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதைக் குதிரையே ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்

வாயில் கடிவாளக் கம்பி இல்லாத எதைப் பார்த்தாலும் ஹாக்கமோர் என்று சொல்லிவிடுகிறார்கள். கடைக்காரரும் அப்படித்தான் விற்கிறார். ஸ்பானிஷ் மொழியின் ‘ஹாகிமா’ மருவி வந்த பெயர் இது. அதற்கும் மூலம் அரபு என்பார்கள். கலிபோர்னியாவில் மாடு மேய்த்த ஸ்பானியக் குதிரைக்காரர்கள் இளங்குதிரையைப் பழக்கப் பயன்படுத்திய போசால் என்ற பின்னல் தோல் மூக்குவளையம்தான் உண்மையான ஹாக்கமோர். மற்றதெல்லாம் அந்தப் பெயரைப் பிற்பாடு ஒட்டவைத்துக்கொண்டவை.

பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: லகான் எங்கே மாட்டியிருக்கிறது?

கன்னத்துப் பக்கம் இருக்கும் வளையத்தில் என்றால் அது சைடுபுல். இடது லகானை இழுத்தால் மூக்கு இடது பக்கம் திரும்பும். இதைவிட எளிமையான பாஷை குதிரைக்கும் இல்லை, புதிதாக ஏறுகிறவனுக்கும் இல்லை. லகான் தாடைக்கு அடியில் குறுக்காகப் போய் எதிர்க் கன்னம் வழியாகக் காதுக்குப் பின்னால் ஏறினால் அது கிராஸ் அண்டர். இடப்பக்கம் இழுத்தால் வலது கன்னத்தில் தள்ளும். வார் வியர்வையில் ஒட்டிக்கொண்டால் பிடி விடுபடத் தாமதமாகும் என்பது ஒன்றுதான் எனக்கு அதில் குறை. தாடைக்கு அடியில் ஒரு கெட்டி முடிச்சு, அதிலிருந்து லகான் கிளம்பினால் போசால். கீழே தொங்கும் கம்பியின் நுனியில் லகான் இருந்தால் மெக்கானிக்கல் ஹாக்கமோர். கம்பிக்குப் பதிலாகச் சின்னச் சக்கரம் இருந்தால், எந்த ஓட்டையில் மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறும். சைடுபுல்லுக்கும் மெக்கானிக்கலுக்கும் நடுவில் நிற்கிற சாதனம் அது.

இதில் எது நல்லது என்று கேட்காதீர்கள். உங்கள் கை எப்படிப்பட்டது என்று முதலில் பாருங்கள்.

“கடிவாளம் இல்லை, அதனால் வலி இல்லை”

இதை யார் சொன்னாலும் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. முதலில் என்மேல்தான்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் ஒரு செம்பட்டைப் பெண் குதிரை வாங்கினேன். ஐந்து வயது. வாயைத் திறந்து பார்த்தால் நாக்கில் பழைய வெட்டு, இரண்டு உதட்டு ஓரமும் தழும்பு. முன்பு வைத்திருந்தவர் முள் கடிவாளம் போட்டு ஓட்டியிருக்கிறார். முள் வைத்த கடிவாளத்தை இந்தியாவில் 1965ஆம் ஆண்டு விதியிலேயே தடை செய்துவிட்டார்கள். இன்னும் கல்யாண ஊர்வலத்துக் குதிரை வாயில் பார்க்கலாம்.

சரி, இனி இந்த வாயில் இரும்பே வேண்டாம் என்று முடிவு செய்தேன். நல்ல எண்ணம்தான். தபாலில் ஹாக்கமோர் வரவழைத்தேன். நீளக் கம்பி வைத்த மெக்கானிக்கல் வகை. மூக்குப்பட்டைக்குள் சைக்கிள் சங்கிலி, மேலே ரப்பர் குழாய். படத்தில் இருந்ததுபோலவே மூக்கின் கீழ்ப்பக்கம் வைத்துக் கட்டினேன். அங்கேதான் அழகாக உட்கார்ந்தது.

எங்கள் தெருவில் அப்போது ஒரு பெரியவர் இருந்தார். நாற்பது வருடம் ஜட்கா ஓட்டியவர், எல்லோருக்கும் பாய்தான். சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து குதிரையின் மூக்கைத் தடவினார். “தம்பி, இது மூச்சு விடுற இடம்பா. இங்க ஏன் கட்டுற?” என்றார். படித்த திமிர் எனக்கு. வெளிநாட்டுச் சாமான் பாய், அப்படித்தான் போடணும் என்று சொல்லிவிட்டு ஆற்றுக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

பாய் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது, மூக்கு ஒன்றுதான் வழி. மூக்கெலும்பு கீழே வர வர மெலிந்து கத்தி முனைபோல முடிகிறது. அதற்குக் கீழே எலும்பு கிடையாது, வெறும் குருத்தெலும்பும் சதையும்தான். நான் பட்டையைக் கட்டியது சரியாக அந்த முனைமேல்.

கம்பியின் வேலை என்ன என்று கடப்பாரை பிடித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூக்குப்பட்டைக்குக் கீழே இருக்கும் நீளம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு என்றால், கையில் 1 கிலோ இழுத்தால் தாடைக்கு அடியில் கட்டும் சங்கிலியில் 3 கிலோ விழும். மூக்கிலோ அதைவிடக் கூடுதல். பட்டை மூக்கை அழுத்த, சங்கிலி தாடையை அழுத்த, நடுவில் முகம் பாக்குவெட்டியில் மாட்டிய பாக்கு. கம்பி குட்டையாக, பட்டை அகலமாக, மெத்தை வைத்து இருந்தால் அழுத்தம் எவ்வளவோ குறையும். அதை நான் பார்த்து வாங்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். திருப்புவதற்கு ஒரு பக்க லகானை மட்டும் பிடித்து இழுத்தேன். மெக்கானிக்கல் ஹாக்கமோர் அதற்கு ஆனதே இல்லை. ஒரு பக்கம் இழுத்தால் முழுச் சாதனமும் கோணிக்கொண்டு, எதிர்ப்பக்கக் கம்பி கன்னத்தில் குத்தும். குதிரைக்கு எந்தப் பக்கம் போகச் சொல்கிறார்கள் என்றே விளங்காது. கழுத்தில் லகான் உரசினாலே திரும்பப் பழகிய குதிரைக்கும், உடம்பு எடையை மாற்றியே திருப்பத் தெரிந்த ஆளுக்கும்தான் அது. எனக்கு அப்போது ஒழுங்காக உட்காரவே தெரியாது.

மூன்றாவது வாரம் குதிரை இரண்டு காலில் எழுந்து நின்றது. நான் மணலில் விழுந்ததால் பிழைத்தேன். மறுநாள் காலையில் மூக்கின்மேல் எலுமிச்சம்பழ அளவு வீக்கம். மருத்துவர் விரலால் தடவிப் பார்த்து, எலும்பு உடையவில்லை, அடிபட்டிருக்கிறது, முகத்தில் எதையும் கட்டக் கூடாது என்றார். வீக்கம் ஒரு மாதத்தில் வடிந்தது. மூக்கைத் தொட விடுவதற்கு எட்டு மாதம் ஆனது. கொள்ளுப் பையைக்கூட முகத்தில் மாட்டவிடவில்லை. எட்டு மாதத் தீவனம், மருந்து, பழக்குகிறவர் கூலி எல்லாம் சேர்த்தால் குதிரை வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. அடிபட்ட இடத்தில் மட்டும் முடி வெள்ளையாக முளைத்தது. செம்பட்டை முகத்தில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு, இன்றைக்கும் இருக்கிறது.

அதனால் எந்த வகை ஹாக்கமோர் வாங்கினாலும் மாட்டுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் குதிரையின் மூக்கின் இரு பக்கமும் வைத்து மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வாருங்கள். கெட்டியாக இருப்பது ஓரிடத்தில் மெத்தென்று அமுங்கும். எலும்பு முடிவது அங்கேதான். அதிலிருந்து நான்கு விரல் மேலே பட்டை உட்காரட்டும். மேல்பக்கம் கன்ன எலும்பின் விளிம்பில் உரசக் கூடாது. சைடுபுல்லுக்கும் இதே கணக்குதான். கம்பி இல்லையே என்று கீழே இறக்கிவிடாதீர்கள்.

போசாலில் தோலைப் பார்க்காமல் வாங்குவது

வட ஆற்காட்டுக்காரன் தோலில் ஏமாந்தான் என்றால் வெளியில் சொல்ல முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் தொழில். ஆனாலும் ஏமாறுகிறோம்.

போசால் பதனிட்ட தோலில் செய்வதில்லை. முடி நீக்கிக் காயவைத்த பச்சைத்தோலைப் பறைக்குக் கட்டுகிற தோல்போல விறைப்பாக வைத்து, மெல்லிய வாராக அரிந்து பின்னுவார்கள். உள்ளே இருக்கும் தண்டும் பச்சைத்தோலாகவே இருக்க வேண்டும். அப்போதுதான் அதைக் குதிரையின் முகத்துக்கு ஏற்றபடி வளைத்து எடுக்கலாம். லகானைத் தளர்த்தியதும் தானே தாடையைவிட்டு விலகித் தொங்கும். அந்த விலகல்தான் குதிரைக்குப் பரிசு, மொத்த வித்தையும் அதில்தான் இருக்கிறது. குரோம் ரசாயனத்தில் பதனிட்ட தோலில் பின்னியது பார்க்க மெத்தென்று நன்றாக இருக்கும். ஆனால் நாளடைவில் இளகி, முகத்தில் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொள்ளும். தலைவாருக்கு ஆவாரம் பட்டையில் பதனிட்ட பழைய முறைத் தோல் கிடைத்தால் விடாதீர்கள். அது வேறு விஷயம்.

மலிவு போசாலுக்குள் இரும்புக் கேபிள் வைத்திருப்பார்கள். எந்தக் குதிரை முகத்துக்கும் அது படியாது. நான் கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தத் துண்டு வைத்திருப்பேன். ஒட்டினால் திரும்பி வந்துவிடுவேன்.

பருமன் முக்கியம். பழக ஆரம்பிக்கும்போது 5 நூல் அல்லது 6 நூல் போசால் (ஆசாரி கணக்குத்தான், 8 நூல் ஒரு அங்குலம்). குதிரை தேறத் தேற மெல்லியதாக மாற்றுவார்கள். கடைசியில் 3 நூல் பருமனில் ஒன்றைக் கடிவாளத்துக்கு அடியில் போட்டு, இரண்டு லகானோடு கொஞ்ச காலம் ஓட்டுவது கலிபோர்னியா வழக்கம். நம் ஆட்கள் அழகாக இருக்கிறது என்று முதல் நாளே 3 நூல் வாங்குகிறார்கள். அது கயிறு மாதிரி அறுக்கும்.

அகலமும் பாருங்கள். வெளிநாட்டுக் குதிரைக்குச் செய்த அளவு நம் மட்டக்குதிரை முகத்தில் வளையல் மாதிரி ஆடும். தாடைக்கு அடியில் லகான் கயிற்றை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினால் கொஞ்சம் சரியாகும். மூன்று நான்கு சுற்றுத் தேவைப்பட்டால் அந்தப் போசால் உங்கள் குதிரைக்கு இல்லை.

அப்புறம் வேலூர் வெயில். கத்திரி வெயிலில் வண்டிமேல் போட்டுவிட்டுப் போனால் பச்சைத்தோல் முறுக்கிக்கொள்ளும். மழையில் நனைந்தால் தொளதொளத்துவிடும். முக அகலத்துக்கு ஒரு மரக்கட்டை அறுத்து, கழற்றியதும் அதில் மாட்டி நிழலில் தொங்கவிடுங்கள்.

மூக்கணாங்கயிறு பிடிப்பதுபோலப் பிடிப்பது

மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் அதிகம். எனக்கும் இருந்தது. எருது விடும் விழாவுக்குக் காளையை நடத்திப் போகிறவர் கயிற்றை விடாமல் இறுக்கிப் பிடிப்பார், அங்கே அது தேவை. போசாலில் அப்படிப் பிடித்தால் ஒரு வாரத்தில் குதிரைக்கு மூக்கு மரத்துவிடும், அதற்கு மேல் என்ன இழுத்தாலும் கேட்காது. ஒரு பக்கம் தொட்டு விடு, கேட்டதும் உடனே விடு. இரண்டு கையும் சேர்த்து இழுத்தால் குதிரை மூக்கை நீட்டிக்கொண்டு உங்களோடு கயிறு இழுக்கும் போட்டி நடத்தும். அதில் நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை.

தாடைச் சங்கிலி

தட்டையாகப் படிய வேண்டும், இரண்டு விரல் நுழைய வேண்டும்.

போட்டிக்குப் போகிறவர்கள்

சர்வதேச விதிப்படி தடை தாண்டுவதில் ஹாக்கமோர் போடலாம், குதிரையின் நடையழகைப் பார்க்கிற டிரெஸாஜில் கடிவாளம் கட்டாயம். வாங்குவதற்கு முன்னால் விதிப்புத்தகத்தைப் படியுங்கள்.

முதல் நாளே ஆற்றுக்குப் போவது

1806 ஜூலை 10 அன்று ஆற்காட்டிலிருந்து வேலூர்க் கோட்டைக்குப் பாய்ந்து வந்த குதிரைப் படையைப்போலத்தான் நம் தம்பிகள் புதுச் சாமானை மாட்டியதும் கிளம்புகிறார்கள். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. ஒரு லாரி ஹார்ன் போதும். மிரண்டு ஓடுகிற குதிரையைக் கடிவாளமும் நிறுத்தாது, ஹாக்கமோரும் நிறுத்தாது, முன்னாலேயே பழக்கியிருந்தால்தான் நிற்கும். முதலில் கீழே நின்றபடி, நில் என்றால் நிற்கவும் மூக்கைத் தொட்டால் திரும்பவும் சொல்லிக்கொடுங்கள். அப்புறம் வேலி போட்ட இடத்தில் ஏறுங்கள். பழைய கடிவாளம் வாயைப் புண்ணாக்காத வகை என்றால் அதையும் ஹாக்கமோரோடு சேர்த்து மாட்டி, இரண்டு லகானும் கையில் இருக்க இரண்டு வாரம் ஓட்டுங்கள். கடிவாள லகான் தேவைப்படாத நாள் வரும்போது கழற்றிவிடலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தம்பியின் குதிரையிலிருந்து கம்பிச் சாமானைக் கழற்றிவிட்டு என் பழைய சைடுபுல்லை மாட்டினேன். பட்டையை மேலே ஏற்றி, மூக்கெலும்பு முடியும் இடத்தை அவன் விரலாலேயே தடவிப் பார்க்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் குதிரை தலையை இறக்கிக்கொண்டு நடந்தது. அவன் இறங்கி வந்து என் கிழட்டுக் குதிரையின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். சுழி பார்க்கிற குடும்பத்துப் பையன் போலிருக்கிறது.

“மூக்கு மேல வெள்ளைக் கோடு இருக்கே அண்ணா, இது என்ன ராசி?”

“கைராசி தம்பி. என் கைராசி.”